மாப்பிள்ளை போட்ட பியூஸ்

கண்ணுகளா, தப்புச் செய்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்ட பெயர் எனக்கு மட்டும்தான் என்பதை இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். சோமனூரில் என் மாமனார் வீட்டுக்கு, உங்கள் சித்தியைப் பெண் பார்க்கப் பத்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். கிரைண்டரில் வடைக்கு உளுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது.

"பியூஸ் போயிருச்சுங்க மாமா, நான் பாக்கறேன்" என்று (யாரும் கூப்பிடாமலே) மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். நான் எட்டாவது படித்தவன். உலோகத்தில் மின்சாரம் பாயும் என்று தெரியும். எதில் எவ்வளவு பாயலாம் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லையே, அது என் குற்றமா?

பியூஸ் கம்பி போட்டேன். கிரைண்டர் சுவிட்சைத் தட்டியதும் எரிந்தது. மறுபடி போட்டேன், மறுபடி எரிந்தது. மணி ஒன்பதரை. புது மாப்பிள்ளையின் மானம் போகிறது!

"அம்மணி, உன் ஹேர்பின்னக் கழட்டு."

உங்கள் அம்மா தயங்கினாள். "ஏனுங்க, இதயெல்லாம் போடலாமுங்களா?"

"இரும்பு! இது எப்படி எரியும்?"

ஸ்டூலைப் பிடித்திருந்த மாமனார், "மாப்ள சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. ஹேர்பின் எரியவில்லை. அதற்குப் பதிலாக கிரைண்டர் மோட்டார் எரிந்தது, சுவரில் போன ஒயர் எரிந்தது. வந்தவர்களுக்கு வடைக்குப் பதில் புகை. பையன் இருமிக்கொண்டேதான் பெண்ணைப் பார்த்தான். (எப்படியோ பிடித்துப்போய், உங்கள் சித்தப்பா ஆனான்.)

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். "கிரைண்டர் கல்லு இறுகி, மோட்டாரு கரண்ட அதிகமா இழுத்திருக்குதுங்க. பியூஸ் கம்பி எரியறதுக்குன்னே வெச்சதுங்க, அது எரிஞ்சு ஊட்டக் காப்பாத்தும். உங்க பின்னு எத்தன வந்தாலும் தாங்கும். ஒயரு தாங்குமுங்களா?"

"எனக்கும் தெரியுமுங்க" என்றார் மாமனார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பறம் ஏனுங்க மாமா சொல்லுல?"

"புது மாப்ளைய எதுத்துப் பேசுனா மரியாதையா இருக்குமுங்களா?"

கேளுங்கள் நியாயத்தை! வீடு கருகலாம், மரியாதை கருகக் கூடாதாம்!

அதனால் கண்ணுகளா, பியூஸ் கட்டையில் நீங்கள் கை வைக்காதீர்கள். பெரியவர்கள் கண்டதை வைத்தால், நாலு 'ங்க' சேர்த்தாவது தடுத்துவிடுங்கள்.

இன்றும் மாமனார் வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. பெண்கள் எல்லாரும் இரண்டு கையாலும் கொண்டையைப் பொத்திக்கொண்டு, "மாப்ள எங்கீங்க இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.