முறுக்கும் முறிந்த போல்ட்டுகளும்

முறுக்கு கை வைத்த பிறகு மறுபடி கழன்ற திருகாணி விருத்தாசலத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

அவர் முறுக்கு விற்பவர் அல்ல. பழைய மினி லாரி ஒன்று வைத்திருந்தார். தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் ஏற்றிக்கொண்டுபோய் வேப்பூர் லாரி செட்டில் இறக்குவது தொழில். எதைத் திருகினாலும், திருகி முடித்த பிறகு, "இன்னும் ஒரு முறுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்துவார். அப்படி வந்த பெயர். நிஜப்பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். குழாய் ஒழுகுகிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வந்தார், முறுக்கினார். ஒழுகல் நின்றது. தண்ணீரும் நின்றது. இன்னொரு நாள் என் ஊறுகாய் பாட்டிலை அன்போடு மூடிக் கொடுத்தார். அதைத் திறக்க ஆபீசுக்கு எடுத்துப்போனேன். ஹெட் கிளார்க்கில் ஆரம்பித்து வாட்ச்மேன் வரை முயன்று பார்த்தார்கள். கடைசியில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உண்டியலைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்து உதறித்தான் சாப்பிட்டேன்.

இப்பேர்ப்பட்டவர் ஒருநாள் மனைவி செல்வி அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்துத் திட்டக்குடிக்குப் போனார். ரோட்டில் மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போனது. வண்டி மாடுவரை போனது. மாடு பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டதால் வைக்கோல் போரில் முட்டி நின்றது. செல்வி அக்கா தலையில் வைக்கோலோடு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

"ஓடுற வண்டியில இனிமே நான் ஏறவே மாட்டேன். ஒண்ணு புது பிரேக்கு போடுங்க, இல்ல பழைய இரும்புக் கடையில போடுங்க."

"பெரிய லாரி பிரேக்கையே மாட்டிடறேன், பாரு" என்ற முறுக்கு, உடைக்கப்போட்டிருந்த ஏதோ ஒரு பெரிய வண்டியின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

"அவனுங்க போல்ட்ட சரியா டைட்டு பண்ண மாட்டானுங்க சார்."

வாசலிலேயே வண்டி ஜாக்கியில் ஏறியது. பஞ்சர் கடைக்காரர் மாட்டியிருந்த சக்கரங்கள் கழன்றன. பழைய பிரேக் தட்டை அச்சோடு சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகள் அவரே என்றோ முறுக்கியவை. அதற்கு மேல் துரு வேறு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார் எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். முறுக்கு யார் பேச்சையும் கேட்கவில்லை. ஸ்பேனரின் வாலில் ஒரு நீள இரும்புக் குழாயைச் சொருகி, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார்.

டிக்.

போல்ட்டின் தலை உருண்டு வந்து என் செருப்பில் மோதி நின்றது. உடம்பு அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"இரும்பு சரியில்ல" என்றார்.

அடுத்ததும் டிக். அதற்கடுத்ததும் டிக். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஹெட்மாஸ்டர். எலுமிச்சம்பழத்தைத்தான்.

முறிந்த துண்டுகள் வெளியே வராமல் புது பிரேக் உட்காராது. பிரேக் இல்லாமல் வண்டி நகராது. தொழிற்பேட்டையிலோ சதுர்த்திக்குப் போகவேண்டிய பிள்ளையார் பொம்மைகள் அடுக்கிக் கிடந்தன. "பிள்ளையாரோட சேத்து அச்சையும் சூளையில வெச்சு எடுங்களேன், இளகிடும்" என்று கேட்கப்போனவரை, சூளைக்காரர் வெளிகேட்டு வரை துரத்திவிட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து பம்பர் மேல் உட்கார்ந்தார். அந்தக் கைகள் இரண்டும் சும்மா தொங்கியதை அன்றுதான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

செல்வி அக்கா வெல்டரைக் கூட்டிவந்தார். அவர் முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். "மெதுவா, அப்பிடியும் இப்பிடியும் ஆட்டி எடுக்கணும்ண்ணே" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் முறுக்கு குழாயைச் சொருகினார்.

டிக்.

செல்வி அக்கா குழாயைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் இரண்டு ஆணிக்கு நடுவே வைத்து, ஈரப் புடவையைக் காயப்போட்டுவிட்டு வந்தார். வெல்டர் மறுபடி பற்றவைத்தார்.

"இப்ப வெறும் ஸ்பேனர்ல திருப்புங்க. கொஞ்சம்… போதும். திருப்பி வுடுங்க" என்றார் அக்கா.

"ஒரே ஒரு முறுக்கு—"

"திருப்பி வுடுங்கன்னேன்."

முறுக்குக்கு வேர்த்துக் கொட்டியது. மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார். துண்டு முனகியது, அசைந்தது, கடைசியில் சமர்த்தாக வெளியே வந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. புது போல்ட்டுகளை மாட்டும்போதும் அக்கா பக்கத்திலேயே நின்று "போதும்" சொன்னார்.

பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற, உள்ளே உட்கார்ந்து ஒருவர் மிதிக்க வேண்டும். அதுவரை யோசனை சொன்ன தெருவில் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. அக்காவே ஏறி உட்கார்ந்தார்.

"ஏற மாட்டேன்னியே?" என்றார் முறுக்கு.

"ஓடுற வண்டியிலதான். நிக்கிற வண்டி வூடு மாதிரி. நீங்க வேலையப் பாருங்க."

காற்று போனது, மிதி கல்லாக நின்றது, சக்கரங்கள் ஏறின. முறுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தார். "எறங்கு செல்வி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

அக்கா பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து, நேரே ரோட்டைப் பார்த்தார். "ஓட்டுங்க."

"பிரேக்கு புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா தனியா என்னா பண்ணுவீங்க?"

முறுக்கு கியரைப் போட்டார். வண்டி கிளம்பித் தெருமுனையில் ஒரு குலுக்கலோடு நின்றது. பிறகு, கைவிட்டுப்போன லோடைக் கெஞ்சி வாங்கத் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பியது. லோடு கிடைத்து, வேப்பூர் போய் இறக்கிவிட்டு அவர்கள் வரும்வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கேட்டவர்களிடம் காற்று வாங்குவதாகச் சொன்னேன். விருத்தாசலத்தில், உச்சி வெயிலில்.