மாமனார் ஓடும் போர்க்களம்

“அப்பாவும் அம்மாவும் அருவியில குளிச்சிட்டுக் கெளம்பிட்டாவளாம். வந்ததும் உங்க கேம்ல அப்பா படத்தப் பாக்கணுமாம்” என்றாள் மஞ்சு, கணவன் நம்பிராஜனிடம்.

அவன் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

பாண்டியர் காலப் போர் விளையாட்டு ஒன்றில் வீரர்களின் படங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுவது அவன் பொழுதுபோக்கு. முதல் அம்பு பறந்ததுமே கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடும் எதிரிக் காலாளுக்கு மாமனார் நயினாரின் முகத்தை மீசையோடு வைத்திருந்தான். மறுவீட்டு விருந்தில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அந்த முன்னாள் ஹவில்தார் ஒன்றரை வருஷம் முகம் கொடுத்துப் பேசாததில் இவனுக்குக் கோபம். இப்போது சமாதானமாகி, முதல் தடவையாக மேலகரத்தில் இருக்கும் இவன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். மஞ்சு வேறு விவரம் தெரியாமல், ‘உங்களப் போர்வீரனாக்கி வச்சிருக்காவ’ என்று போனில் பெருமையடித்திருந்தாள்.

அந்தப் படங்களை இறக்கி விளையாடுகிறவர்கள் மொத்தம் பதினேழு பேர். அதில் ‘போர்ப்புலி’ என்றொரு ரசிகர் தினமும் எழுதுவார்: ‘மீசைக்காரன் ஓடுவதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அவனை மாற்றிவிடாதீர்கள்.’

போர்ப்புலியைப் பார்த்தால் குடும்பம் நடக்குமா? நம்பிராஜன் மாமனார் முகத்தைத் தூக்கிப் பாண்டியத் தளபதிக்கு வைத்தான். முகத்தோடு ஓட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது. தளபதி யானையிலிருந்து குதித்து ஓடினார்.

அதைச் சரிசெய்வதற்குள் எதிரிக் காலாள் முகமில்லாமல் நின்றான். அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட தன் படத்தையே நம்பிராஜன் ஒட்டினான். காலாள் உடனே வாளை உருவிக்கொண்டு தளபதியைத் துரத்தினான்.

வாசலில் ஆட்டோ நின்றது.

ஈரத்தலையோடு வந்த நயினார் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு போர் முழுக்கப் பார்த்தார்.

“நான் ஓடுதேன். நீங்க வெட்ட வாரீய. அப்படித்தான மாப்ள?”

நயினார் எழுந்து செருப்பைத் தேடினார். மஞ்சு கண்ணைக் கசக்கினாள். ஒன்றரை வருஷம் கழித்து வந்த சமாதானம் வாசற்படி இறங்கப் போனது.

“பேசாம உக்காருங்க” என்று ஒரு குரல் கேட்டது. மாமியார் முப்பிடாதியம்மாள். கல்யாணமான நாளிலிருந்து மருமகன் எதிரில் வாய் திறந்திராதவள். கீழப்பாவூரில் தங்கள் வீட்டில் மகன் மணிமுத்து விட்டுப்போன கம்ப்யூட்டரைத் துடைத்து வைப்பதோடு சரி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டித் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மருமகனிடம் திரும்பி, வருத்தத்தோடு கேட்டாள்.

“மாத்தாதீங்கன்னு தெனமும் எழுதுதேம்லா மாப்ள, அப்புறம் ஏன் மாத்துனீய?”