குவாண்டம் ஜனார்த்தனின் எரிமலைத் தகடு

இராஜபாளையம் மலர்ச்சி மகளிர் மன்றத்தில் மாதம் தவறாமல் ஒரு விருந்தினர் வந்து பேசுவார். ஒரு மாதம் பல் மருத்துவர் வந்தார். பல் உள்ளவர்களே வரவில்லை. இன்னொரு மாதம் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச மதுரையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் சொந்தச் செலவில் வந்தார். கூடத்தில் நாற்காலிகள்தான் அவர் பேச்சைக் கவனமாகக் கேட்டன. "சந்தேகம் இருந்தா தயங்காமக் கேளுங்க" என்றார் அவர். ஒரே ஒரு கை உயர்ந்தது. "டிபன் எப்ப?"

ஆனால் 'குவாண்டம் ஜனார்த்தன்' வருகிறார் என்று வாட்ஸப்பில் செய்தி பறந்த மாதம் கதையே வேறு. மில் முதலாளி வீட்டம்மாக்கள் காரில் வந்தார்கள். பேண்டேஜ் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டியில் வந்தார்கள். தளவாய்புரத்திலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கூடம் நிரம்பி, வராந்தா நிரம்பி, ஜன்னல் கம்பியிலும் முகங்கள் தெரிந்தன. நோய் வராமல் காப்பது எப்படி என்று கேட்க ஆள் இல்லாத ஊரில், நோயைத் தகட்டால் விரட்டுவதைப் பார்க்க இடம் இல்லை!

ஜனார்த்தன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. எதில் டாக்டர் என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. மேலே கோட்டு; கோட்டுக்குள் ருத்திராட்சம். விஞ்ஞானத்தை நம்புகிறவர் மேலே பார்த்துக்கொள்ளலாம், மற்றவர் உள்ளே பார்த்துக்கொள்ளலாம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத உடுப்பு.

"அம்மாமார்களே! இது ஜப்பான் எரிமலைக் குழம்பில் செய்த தகடு. இதில் குவாண்டம் சக்தி இருக்கிறது. சர்க்கரை இறங்கும். மூட்டுவலி போகும். பிள்ளைகள் கணக்கில் நூறு வாங்குவார்கள். இது மூடநம்பிக்கை இல்லை, விஞ்ஞானம். யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்!"

கறுப்பாக, வட்டமாக, நூல் கோத்த ஒரு சின்னத் தகடு. எரிமலை எப்படித்தான் இத்தனை வட்டமாகக் கக்கியதோ!

"யாராவது பலசாலி மேடைக்கு வரலாம்."

மன்றத் தலைவி வைஜயந்தி சுற்றும் முற்றும் பார்த்து வெங்கடேஸ்வரியைக் கைகாட்டினார். வெங்கடேஸ்வரி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தோபஸ்துக்கு நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவர். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார் ஜனார்த்தன். இரண்டு விரலால் அமுக்கினார். கை சரிந்தது. ரவுடிகளை ஜீப்பில் ஏற்றிய கை! கூட்டம் 'உச்' கொட்டியது.

பிறகு தகட்டைக் கழுத்தில் மாட்டினார். மறுபடியும் அமுக்கினார். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினார். கை இம்மியும் இறங்கவில்லை. கூடம் அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் வெங்கடேஸ்வரிதான். தன் கையைத் தானே நம்பாமல் எப்படி இருப்பது? முழங்காலுக்கென்று ஒன்று வாங்கினார். மம்சாபுரத்தில் இருக்கும் அக்கா குருவம்மாளுக்குச் சர்க்கரை உண்டே என்று இன்னொன்றும் வாங்கினார்.

அந்த வருடம் பால்கோவா மேளா நடத்தி மன்றம் நிதி திரட்டியிருந்தது. கிராமத்துப் பள்ளி ஒன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டுவதாக ஏற்பாடு. வைஜயந்தி அன்றே மைக்கைப் பிடித்தார். "கழிப்பறை யாரு வேணா கட்டலாம். நம்ம மன்றம் அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் குவாண்டம் தகடு கொடுக்கப் போகுது! அடுத்த மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரிய விழா!"

கைதட்டல். தகடு மாட்டினால் அந்தப் பிள்ளைகளுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டிய அவசியமே வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

குருவம்மாள் தகட்டைக் கழுத்தில் மாட்டிய அன்றே இன்சுலின் ஊசியைத் தூக்கிப் பரணில் போட்டார். தங்கச்சி கொடுத்தது, அதுவும் போலீஸ்காரத் தங்கச்சி கொடுத்தது. சந்தேகம் எப்படி வரும்? விழாவுக்கு முந்தின வாரம் ஒரு காலையில், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது என்றார் நர்ஸ்.

கண் விழித்ததும் குருவம்மாள் முதலில் கழுத்தைத்தான் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி ஈசுவரி, தகடு எங்க? அத யாரும் கழட்டிறாதீக. அது இருக்கப்போயித்தான் உசுரு தப்பிச்சிருக்கேன்."

அக்காவைச் சாகடிக்கப் பார்த்தது தகடுதான்; தப்பியதற்கான புகழும் அதற்கே. "ஊசி போட்டதாலதாம்க்கா முழிச்சிருக்க" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே வராந்தாவுக்கு வந்து அழுதார். அழுது முடித்ததும் செல்போனை எடுத்தார்.

மன்றத்து வாட்ஸப்பில், தன் கையை ஜனார்த்தன் அமுக்கிய அன்று எடுத்த வீடியோ இருந்தது. திருட்டு வழக்கில் கேமராப் பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்துப் பழகிய கண். இதையும் அப்படியே பார்த்தார். முகத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்தார். முதல் தடவை ஜனார்த்தன் விரல் வைத்தது மணிக்கட்டில். தகடு மாட்டிய பிறகு வைத்தது முழங்கைக்குப் பக்கத்தில்!

வீட்டுக்குப் போய்க் கணவர் சோலைச்சாமியின் கையை நீட்டச் சொன்னார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், மனைவி சொன்னால் நீட்டிவிடுவார். மணிக்கட்டில் அமுக்கினார். கை இறங்கியது. அவர் சட்டைப் பையில் ஒரு வெங்காயத்தைப் போட்டு, முழங்கைப் பக்கம் அமுக்கினார். இறங்கவில்லை.

"எம்புட்டுச் சக்தி இந்த வெங்காயத்துக்கு!" என்றார் வெங்கடேஸ்வரி.

"ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்து உள்ள தள்ள வேண்டியதுதான?" என்றார் சோலைச்சாமி.

"தள்ளலாம். தள்ளுனா, நல்ல மனுசன அநியாயமாப் பிடிச்சிட்டாகன்னு இவளுகளே ஊர்வலம் போவாளுக. மொதல்ல இவளுக கண்ணு முன்னால அவிழ்ப்போம். கம்ப்ளெயிண்ட் பொறவு."

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் விழா. கூட்டம் போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு. அக்காவையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார் வெங்கடேஸ்வரி. ஜனார்த்தன் பேசி முடித்ததும் எழுந்து மைக்கை வாங்கினார். குரலில் சீனிப்பாகு.

"டாக்டர் சார், யாரு வேணாலும் சோதிக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்க போலீஸ்ல அடையாள அணிவகுப்பு நடத்துவோம். ஆளுகள வரிசையா நிப்பாட்டி, குற்றவாளிய அடையாளம் காட்டச் சொல்லுவோம். அது மாதிரி உங்க தகட்ட அடையாளம் காட்டுனீங்கன்னா, சக்தி இருக்குன்னு உலகத்துக்கே நிரூபணம் ஆயிரும்லா?"

கூட்டம் கைதட்டியது. ஜனார்த்தனால் மறுக்க முடியவில்லை. "தாராளமாக" என்றார். அந்தத் தாராளத்தில் கொஞ்சம் வியர்வை இருந்தது.

தகட்டை உறையில் போட்டு ஒட்ட மரகதவல்லியை அழைத்தார்கள். ஆண்டாள் கோயிலில் விடியற்காலைச் சேவையை ஒருநாளும் விடாதவர். அவர் பொய் சொன்னார் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். மணமகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று உறையில் தகட்டையும் மூன்று உறையில் அதே அளவு வட்டமான கேரம் காயையும், பேண்டேஜ் துணியில் சுற்றிப் போட்டு ஒட்டினார். உறைகளை வெளியே அனுப்பிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். எதில் எது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. கை நீட்ட வந்தவர் வைஜயந்தி. அவரைவிட நம்பிக்கைக்காரி கிடைக்க மாட்டார்.

ஒவ்வோர் உறையாக வைஜயந்தியின் இன்னொரு கையில் கொடுத்து ஜனார்த்தன் அமுக்கினார். ஒன்றுக்குக் கை இறங்கியது. "இதில் காய்." அடுத்ததற்கு இறங்கவில்லை. "ஆஹா, தகடு! எனக்கே ஷாக் அடிக்கிறது!" இப்படியே ஆறும் முடிந்தது.

பிரித்தார்கள். ஷாக் அடித்த உறையில் சிவப்புக் காய் இருந்தது. கேரம் பலகையின் ராணி! ஆறில் இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே மூன்று தேறியிருக்கும். குவாண்டம் படித்ததால் ஒன்று குறைந்துவிட்டது.

"செல்போன் அலைகள் குறுக்கிடுகின்றன" என்றார் ஜனார்த்தன்.

"எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்கம்மா" என்றார் வெங்கடேஸ்வரி. மண்டபமே அணைத்தது. "இன்னொரு தடவ பாப்போம் சார். இந்தத் தடவ எத்தன தகடுன்னு சொல்ல மாட்டோம். சக்திதான் சொல்லணும்."

மறுபடியும் உறைகள் வந்தன. அமுக்கினார், உருகினார், மூன்றில் சக்தி பொங்குவதாகச் சொன்னார். பிரித்தார்கள். காய். காய். காய். ஆறிலும் கேரம் காய்!

மரகதவல்லி கதவைத் திறந்து வெளியே வந்தார். "நேக்குப் பொய் சொல்ல வராது. எத்தனை தகடு போட்டேள்னு யாரும் கேக்கலை, அதனால சொல்லலை."

மண்டபம் சிரித்த சிரிப்பில் ஜனார்த்தன் கோட்டின் பொத்தானை அவிழ்த்தார். வெங்கடேஸ்வரி சும்மா இருக்கவில்லை. ஒரு பால்கோவாப் பொட்டலத்தை வைஜயந்தி கையில் கொடுத்து, மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கைப் பக்கம் ஒருமுறை அமுக்கிக் காட்டினார். "இது பால்கோவாச் சக்தி. உங்க பக்கத்துல இருக்கவங்க கையில நீங்களே செஞ்சு பாருங்க." அடுத்த நிமிடம் மண்டபம் முழுக்கப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வைஜயந்தி தன் கையையே வெறித்துப் பார்த்தபடி மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜனார்த்தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நம்பிக்கை இல்லாத இடத்தில் சக்தி வேலை செய்யாது!"

முன்வரிசையில் குருவம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குரல் மெலிந்திருந்தது. ஆனால் மண்டபம் கேட்டது.

"ஏன் தம்பி, நான் நம்புனேனே? ஊசியத் தூக்கி எறியுற அளவுக்கு நம்புனேனே? அப்பவும் அது வேல செய்யலயே. என் தங்கச்சி கையால வாங்கிக் குடுத்து, நான் செத்திருந்தா, அவ ஆயுசுக்கும் அழுதுருப்பாளே. அவளுக்கு நீ எந்தத் தகட்டத் தருவ?"

ஜனார்த்தன் மேடையை விட்டு இறங்கினார். பின்வாசலைத் தேடினார். அங்கே சோலைச்சாமி பட்டாள மீசையோடு நின்றுகொண்டிருந்தார். குருவம்மாள் கையெழுத்துப் போட்ட புகாரோடு ஜனார்த்தனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். இப்போது யாரும் ஊர்வலம் போகவில்லை. தகட்டுக்கு இன்னும் கைமாறாத நிதியில் கழிப்பறை கட்டும் வேலையை அடுத்த வாரமே தொடங்குவதென்று மேடையிலேயே முடிவானது. வைஜயந்தி கை தூக்கித்தான் சம்மதம் சொன்னார், யாரும் அமுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. வெங்கடேஸ்வரி அக்காவைப் பிடித்துப் படி இறங்கும்போது, பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா ஓடிவந்து வழியை மறித்தார். நன்றாகப் படித்தவர்தான், பார்த்தாலே தெரிந்தது. ரகசியக் குரலில் கேட்டார்.

"மேடம், இந்த ஆளு விக்கிறது டூப்ளிகேட்டுன்னு நல்லவேளை கண்டுபிடிச்சிட்டீங்க. ஒரிஜினல் தகடு எங்க கிடைக்கும்?"

வெங்கடேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுத்துல தொங்குறதுல ஒரிஜினலே கிடையாதும்மா. கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்கல்லா, அதான் ஒரிஜினல். பொறந்ததுலருந்து தேயாமப் புதுசாவே வச்சிருக்கீங்க. செத்த நேரம் ஓட்டிப் பாருங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது."