மெர்வின் வண்டிக்குப் போட்ட பூட்டு

முழங்கால் ஸ்டீயரிங்கில் ணங்கென்று இடித்தபோதுதான் மெர்வின் கோவலுக்கு விஷயம் உறைத்தது. தன் பிக்கப் வண்டியில் எவனோ ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

இருக்கை முன்னால் இழுபட்டிருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மெர்வின் ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். மடித்து வைத்த நாற்காலி மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் கூடத்து வாசலில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றன.

சஸ்காச்சுவானில் ஜனவரி மாதம் எஞ்சினை அணைத்துவிட்டு விளையாடப் போனால், திரும்பி வரும்போது வண்டி விறைத்துக் கிடக்கும். அதனால் ஊரே சாவியை உள்ளே விட்டு, எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கையுறைகூடக் காணாமல் போனதில்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் பூட்ஸோடு நுழைந்தார்.

"கோலீன்! என் வண்டியத் திருடப் பாத்திருக்கானுங்க!"

பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவில்லை. "வெளிய நிக்கிறது என்ன அப்போ?"

"நான் வர்றதப் பாத்து ஓடிருப்பான். சீட்ட முன்னால இழுத்து வச்சிருக்கான். குள்ளன்."

"வேற என்ன பண்ணினான் உன் குள்ளன்?"

மெர்வின் கொஞ்சம் தயங்கினார். "டேங்க் நெறய பெட்ரோல் போட்டு வச்சிருக்கான்."

உருட்டுக்கட்டை நின்றது. "திருட வந்தவன் பெட்ரோல் போட்டுட்டுப் போனானா? மறுபடி வந்தா என்னக் கூப்புடு. என் காரையும் காட்டணும்."

"உனக்கு வெளையாட்டாப் போச்சு. ரொம்ப தூரம் ஓட்டிட்டுப் போற திட்டம்டி அது!"

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை லரிஸா வருகிறாள். வான்கூவரில் பல வருஷமாக இருந்த ஒரே மகள், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்து, இங்கேயே இருக்க வருகிறாள். போனில் அதைக் கேட்டதும் மெர்வின் "ஸ்பேனரைக் காணோம்" என்று கொட்டகைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சஸ்காட்டூன் விமான நிலையத்தில் அவள் கதவைத் தாண்டி வரும்போது அவர் எதிரே நின்றாக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். கோலீனின் சின்னக் கார் நவம்பரில் பனிக்குள் புதைந்தால் ஏப்ரலில்தான் தலைகாட்டும்.

அந்த வண்டியும் லேசுப்பட்டது அல்ல. பக்கத்துச் சுரங்கம் தன் பழைய வெள்ளை பிக்கப்புகளை ஏலம் விட்டபோது ஊரில் பாதிப்பேர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆனால் மெர்வினுடையதில்தான் லரிஸா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒட்டிய ஒற்றைக்கண் டைனோசர் படம் இருந்தது. பக்கத்து இருக்கையின் வெயில் மறைப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில். அதற்காகவே அவர் வண்டியை விற்கவில்லை.

புதன்கிழமை காவல் தொடங்கியது. வண்டிக் கதவிலிருந்து படுக்கையறை ஜன்னல் வரை தூண்டில் நரம்பைக் கட்டி, அதில் காலி பீர் டப்பாக்களைக் கோத்தார். திருடன் தொட்டால் டப்பா ஆடும். திருடன் வரவில்லை, காற்று வந்தது. விடியும் வரை டப்பாக்கள் ஆடித் தீர்த்தன.

"திருடனே தேவலாம்," என்றாள் கோலீன். "சத்தமில்லாம வேலையப் பாத்துட்டுப் போவான்."

வியாழக்கிழமை டப்பாக்களை அவிழ்த்துவிட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதை நிறுத்தும் சுவிட்சு ஒன்றை இருக்கை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தார். எந்தத் திருடனும் கண்டுபிடிக்க முடியாத இடம்தான். ஆனால் மெர்வின் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாலே சுவிட்சு தானாக அணைந்தது. ரயில் பாதையின் நட்டநடுவில் வண்டி செத்துப்போனது. காப்பிக் கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள்.

"உடம்பக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்க, மெர்வ்!" என்று ஒருவன் கத்தினான். அரை உட்காரலில் தொடை நடுங்க வீடு வந்து சேர்ந்தார். சுவிட்சு குப்பைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை அதைவிட எளிய வழி தோன்றியது. ஸ்டீயரிங்கையே கழற்றிக் கையோடு கொண்டுபோய்விட்டால்? அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காப்பிக் கடைக்குள் நுழைந்தார். பரிமாறுகிற பெண் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு காப்பியா, அதுக்கும் சேத்து ரெண்டா?"

கடையே சிரித்தது. சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். திரும்ப மாட்டும்போது அதன் நட்டு பனிக்குள் விழுந்து தொலைந்ததுதான் தாங்கவில்லை. கையுறையைக் கழற்றி அரைமணி நேரம் பனியைச் சலித்து எடுத்தார். விரல்கள் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தன.

ஒரே ஓர் ஆறுதல். வண்டியின் டாஷ்போர்டில் பல வருஷமாகக் கடகடத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, எவனோ ஏறி உட்கார்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. திருடன் கை பட்டதில் சரியாகிவிட்டது என்று மெர்வின் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். மாட்டுக் கொட்டகைச் சங்கிலியால் வண்டியின் பின்பம்பரை வாசல் ஊசியிலை மரத்தோடு பிணைத்து, கொழுக்கட்டை அளவு பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார்.

"இனி அவன் மரத்தோடதான் வண்டியத் திருடணும்."

"நாளைக்கு நீ எப்படி எடுப்ப?"

"சாவி எங்கிட்டதான இருக்கு!"

விடிந்ததும் சாவியைப் போட்டார். பூட்டுக்குள் பனி இறுகியிருந்தது. முறுக்கினார். பாதிச் சாவி கையில் வந்தது, மீதி உள்ளேயே இருந்துவிட்டது. வெந்நீர் ஊற்றினார். அது அப்படியே உறைந்து பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டானது. கோபத்தில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினார். வண்டி சீறியது, மரம் குலுங்கியது, கிளைப் பனி மொத்தமும் கண்ணாடிமேல் விழுந்தது. பம்பர் பாதி பிய்ந்து வளைந்து, பின்சக்கரத்தைக் கவ்விக்கொண்டது.

மெர்வின் இறங்கிப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எவன் எடுத்துட்டுப் போயிருந்தாலும் வண்டி நல்லாருந்திருக்கும்," என்றார். "புள்ள அங்க தனியா வந்து நிக்கும், கோலீன்."

கோலீன் இந்த முறை கேலி செய்யவில்லை. உள்ளே போய்ப் போன் செய்தாள்.

சிறிது நேரத்தில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பெர்னிஸ் வந்து இறங்கினாள். ஊரின் சுரங்க வண்டிகளில் ஒன்று அவளிடமும் இருந்தது. குட்டையான, உருண்டையான பெண்மணி. கர்லிங் கல்லை அவள் தள்ளினால் குறி தப்பாது. மரத்தோடு கட்டுண்டு கிடந்த வண்டியைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினாள்.

"இந்தப் பாவப்பட்ட ஜீவன என்ன பாடு படுத்திருக்க, மனுஷா! பாக்கவே வயிறு எரியுதே!"

"திருடன் பயம், பெர்னிஸ்."

"எனக்கும்தான் அன்னைக்கு எவனோ சீட்டப் பின்னால தள்ளி வச்சுட்டான். நகர மாட்டேங்குது. ரெண்டு தலகாணி வச்சு ஓட்டுறேன். அதுக்காக மரத்துலயா கட்டினேன்? இந்தா, என் வண்டிய எடுத்துட்டுப் போ. நான் கோலீனுக்குப் பெரோகி பிடிச்சுக் குடுக்கிறேன்."

மெர்வின் தலையணைகளை எடுத்துவிட்டு ஏறினார். கால் தாராளமாக நீண்டது. முதுகு போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் டாஷ்போர்டு கடகடத்தது. சுரங்க வண்டி எல்லாவற்றுக்கும் இதே வியாதிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகச் சீட்டியடித்தார்.

கதவு திறந்தபோது அவர் எதிரே நின்றார். லரிஸா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மெர்வின் பெட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பழைய வண்டியிலயாப்பா வந்த?" என்றாள் வெளியே வந்ததும்.

"இல்லம்மா, இது பெர்னிஸோடது." வண்டியைக் கிளப்பியபடி மெர்வின் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம வண்டி பத்திரமா வீட்டுல இருக்கு. எந்தத் திருடனாலயும் ஒரு அங்குலம் அசைக்க முடியாது. உங்கப்பன் போட்ட காவல் அப்படி!"

பனிவெளியிலிருந்து தெறித்த வெயில் லரிஸாவின் கண்ணைக் கூசவைத்தது. வெயில் மறைப்பைக் கீழே இறக்கியவள், கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அப்படின்னா பெர்னிஸ் ஆன்ட்டி வண்டியில என்னோட டைனோசர் எப்படிப்பா வந்துச்சு?"