கிரகத்தை எரித்தவனின் வக்கீல்

படுபாவிகளுக்காகவே பிறந்த வக்கீல்கள் என்றோர் இனம் உண்டு. கறுப்பு அங்கி கிடையாது, நீதிமன்றம் கிடையாது, கட்சிக்காரர்கூட உண்மையில் கிடையாது. கையில் ஒரு தடித்த விண்வெளி நாவல் மட்டும் இருக்கும். அதன் நாயகன் எத்தனை பேரைக் கொல்கிறானோ அத்தனைக்கு இவர்கள் கண் கலங்கும். செத்தவர்களுக்காக அல்ல. கொன்றவனுக்காக.

நைரோபியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி பராசா வாத்தியார். பள்ளியில் வேதியியல் எடுப்பவர். கதையில் நல்லவன் வந்தால், "தொட்டுக்க ஒண்ணுமில்லாத உகாலிக் களி" என்று கொட்டாவி விடுவார். கெட்டவன் வந்தால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார். அவன் பொய் சொன்னால் ராஜதந்திரம், கொலை செய்தால் சூழ்நிலை, கூடப்பிறந்த தம்பியையே விண்கலத்திலிருந்து வெளியே தள்ளினால், "உள்ளுக்குள்ள எவ்வளவு அழுதிருப்பான் பாருங்க!" வெளியே போன தம்பி என்ன செய்திருப்பான் என்று யார் கேட்பது?

எங்கள் வட்டத்துக்கு ஒரு வழக்கம். புத்தகம் ஒன்று, ஆட்கள் ஏழு. ஆகவே நடைபாதைக் கடையில் பிடித்த நாவலை, கெரூபோ அக்காவின் டீக்கடையில் அவருடைய ரொட்டிக் கத்தியாலேயே முதுகில் கீறி ஏழு துண்டாக்கி, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, வாராவாரம் மாற்றிக்கொள்வோம். இந்த முறை வாத்தியாருக்கு முதலில் வந்தது ஐந்தாம் துண்டு: நாயகனான தளபதி சிறையில் உட்கார்ந்து, சின்ன வயதில் தன்னை விட்டுப்போன தாயை நினைத்து அழுகிறான். போதாதா? அவன் நான்கு கோடிப் பேரோடு ஒரு கிரகத்தையே எரிப்பது மூன்றாம் துண்டில். அது நெகேசாவுக்குப் போனது.

நெகேசா நர்ஸ். வாரத்தில் தனக்கென்று அவளுக்கு இருப்பது இந்த ஒரு பிற்பகல்தான். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் மட்டாட்டு வண்டியில் தூங்கிப்போய், நிறுத்தம் வந்ததும் அலறியடித்து இறங்கியவள், அந்த நாற்பது பக்கங்களையும் இருக்கையிலேயே விட்டுவிட்டாள்.

"இந்தப் பொண்ணு இனிமே வட்டத்துல இருக்கக் கூடாது," என்றார் வாத்தியார்.

"வாத்தியாரே, நான் நாப்பது பக்கத்தத் தொலைச்சேன். உங்காளு நாலு கோடிப் பேரக் கொளுத்தினான்!"

"அவனுக்குக் காரணம் இருக்கு. உனக்கு என்ன காரணம்?"

"தூங்கிட்டேன்."

"அது காரணமா? சாக்கு!"

"சரி, எங்கம்மாவும் சின்ன வயசுலயே என்ன விட்டுட்டுப் போயிட்டா. போதுமா?"

கெரூபோ அக்கா எண்ணெயில் பொரித்த மண்டாசித் தட்டை வைத்துக்கொண்டே, "அத அழுதுக்கிட்டே சொல்லியிருக்கணும்டி," என்றாள். வாத்தியார் தவிர எல்லோரும் சிரித்தோம்.

நெகேசா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள். "அந்தத் துண்டப் படிச்சது நான் ஒருத்திதான். தீ வர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு தம்பிக்குச் செருப்பு மாட்டிவிடுறா. அவசரத்துல கால் மாத்தி மாட்டிடுறா. என்ன அனுப்பிட்டா அதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லுவா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் வாத்தியார் அவசரமாக. "கதையோட ஓட்டம் கெட்டுடும்."

கை தூக்கச் சொன்னார். நெகேசாவை விட்டால் ஆறு பேர். சரிபாதி என்றால் அவள் இருப்பாள். நீக்குவதற்கு மூன்று கைகள் எழுந்தன. இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆறாவது கை என்னுடையது.

தூக்கினேன்.

காரணம் இருந்தது. பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். ஆனாலும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான் யோக்கியன் என்று யாராவது எழுதித் தர வேண்டும். எழுதித் தருபவர் பராசா வாத்தியார். அந்தக் கடிதம் எனக்கு அடுத்த வாரம் தேவைப்பட்டது.

நெகேசா பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நல்லா இருங்கண்ணே," என்றாள் என்னிடம். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்றாம் துண்டு இல்லாமலே நாவலைப் படித்து முடித்தோம். தளபதி எவ்வளவு நல்லவன் தெரியுமா!

வாசகரே, ஒன்றே ஒன்று. அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது, "பாவம், பிழைக்கப் போன இடத்தில் மனுஷன் வேறென்ன செய்வார்?" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டீர்களா? வெட்கப்பட வேண்டாம். எங்கள் வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. ஞாயிறு, மூன்று மணி.