சவேரியாரை ஓட வைத்த மரியமுத்து

நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், நாளை முதல் நடக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று மனிதகுலத்தை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அதைக் கெடுக்க வேண்டியிருக்கிறது. நான்காவதாக ஒரு வகை உண்டு. கேட்டு நடப்பவர். இவருக்கும் நம்மைப் போல இரண்டு கால்கள்தான், இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவை எப்போது எழும்ப வேண்டும், எப்போது தரையில் விழ வேண்டும் என்பதைக் காதுக்குள் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவரை அடையாளம் காண்பது எளிது. காலை ஐந்தரை மணிக்குக் காரைக்கால் கடற்கரைச் சாலையில் நின்றால் போதும். எதிரே வருகிறவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். "இருக்கேங்க" என்றால் அவர் சாதாரண மனிதர். "நூத்தி நாப்பத்தெட்டுங்க" என்று பதில் வந்தால் இவர்தான் அவர். அது ரத்த அழுத்தமோ என்று பதற வேண்டாம். நிமிஷத்துக்கு அத்தனை அடி எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வகையின் நிகரற்ற மாதிரி தலத்தெருவில் வாழ்ந்துவந்தார். பெயர் மரியமுத்து, வயது நாற்பத்தாறு. இரண்டாயிரத்து ஒன்பதில் கீழவாஞ்சூரில் புதிதாகத் திறந்த துறைமுகத்தில் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் குமாஸ்தா. நாள் முழுக்க நிலக்கரி லாரிகளை எடை போட்டவர் தன்னை எடை போட்டுப் பார்த்ததில்லை. ஒருநாள் லாரி வராத வேளையில் எடை மேடையில் ஏறி நின்றார். லாரிக்காகச் செய்த மேடை பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் மதிப்பதில்லை. முதலில் எண்பது என்றது. அவர் தும்மியதும் தொண்ணூறு என்றது. மரியமுத்து எண்பதை வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஓட ஆரம்பித்தார்? அழகுக்கா, ஆயுளுக்கா? இரண்டுக்கும் இல்லை. தோளுக்காக.

அவர்கள் தெருப் பக்கம் சவேரியாருக்குச் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் தேதி திருநாளன்று சவேரியார் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, எட்டுப் பேர் தோளில் சுமந்து ஐந்து தெருவும் சுற்றி வருவார்கள். எட்டுப் பேரில் முன்பக்கம் வலது கொம்பைச் சுமப்பவருக்கு முன்தோள் என்று பெயர். அவர் எடுத்து வைப்பதுதான் அடி. மற்ற ஏழு பேரும் அவர் காலைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள், பேண்டு செட்டுக்காரர்களும் அவர் காலைப் பார்த்துத்தான் தாளம் போடுவார்கள். பதினோரு வருஷமாக முன்தோள் மரியமுத்துதான். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மற்ற நாட்களில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிறார் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்தத் தோளுக்குத்தான் ஆபத்து வந்தது. திருவிழாக் கமிட்டித் தலைவர் யேசுராஜ் அக்டோபர் மாதமே வீடு தேடி வந்துவிட்டார்.

"அண்ணே, போன வருஷம் கிணத்து முனையில உக்காந்துட்டீங்க. சவேரியார் ஒரு பக்கமா சாஞ்சு நின்னதை ஊரே பாத்துச்சு. இந்தத் தடவையும் பாதியில உக்காந்தீங்கன்னா, அடுத்த வருஷத்துலேருந்து நீங்க குடை புடிக்கலாம்."

குடை பிடிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. முழங்கால் போனவர்களுக்கும் மூச்சுப் போனவர்களுக்கும் கமிட்டி பார்த்துக் கொடுக்கும் ஆறுதல் உத்தியோகம் அது. அன்று மரியமுத்து சாப்பிடவில்லை. அவர் மனைவி அந்தோணிமேரி தட்டை எடுத்து மூடி வைத்தபோது, "நான் குடை புடிக்கிற ஆளா மேரி?" என்று கேட்டார்.

அந்தோணிமேரியின் தம்பி பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள் ஓர் அப்ளிகேஷன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று அதுவே எண்ணும். எண்ணிவிட்டு, உள்ளே இருக்கும் பாட்டுகளில் அதே வேகத்தில் தாளம் விழும் பாட்டைத் தேடி எடுத்துப் போடும். வேகமாக நடந்தால் வேகமான பாட்டு, மெதுவாக நடந்தால் மெதுவான பாட்டு. அதுவரை அலாரம் வைக்க மட்டும் பயன்பட்ட அந்தப் போன் மறுநாளே அல்லா பிச்சையின் கடைக்குப் போயிற்று.

அல்லா பிச்சை மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிறவர். குத்துப்பாட்டு, கல்யாணப் பாட்டு, நவநாள் பாட்டு, தவக்காலப் புலம்பல் என்று அறுநூறு பாட்டைக் கொட்டி நிரப்பிவிட்டு, ஓர் ஐயத்தைக் கேட்டார்.

"அண்ணே, பாட்டு உங்க பின்னாடி வருதா, நீங்க பாட்டு பின்னாடி போறீங்களா?"

"ரெண்டும் சேந்துதான் போறோம் பாய்."

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுப் போனா, வழிய யாரு பாக்குறது?"

நல்ல கேள்வி. மரியமுத்து அப்போதே அதற்குப் பதில் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவர் கையை ஆட்டிவிட்டு, வயரைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நாற்பது நாள். ஓடினார், உண்மையாகவே ஓடினார், அதை மறுக்கக் கூடாது. ஆனால் கேட்டு நடப்பவர் ஓடுவதோடு நிற்பாரா? தான் பெற்ற தாளம் வையகமும் பெற வேண்டாமா? கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தின் வேகம் தொண்ணூறுதான் என்று பெண்ணின் தகப்பனாரிடம் போய்க் குறைப்பட்டார், துறைமுகத்தில் லாரியை விட்டு இறங்கி டீக்கடைக்குப் போகும் ஓட்டுநர்களை ஜன்னல் வழியே எண்ணி யார் யாருக்குச் சர்க்கரை வரும் என்று ஆரூடம் சொன்னார், ஒரு துக்க வீட்டு ஊர்வலத்தில் பக்கத்தில் வந்தவரிடம் "எழுபத்திரண்டு, உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். பக்கத்தில் வந்தவர் இறந்தவரின் மைத்துனர். பாட்டில் சரணம் முடியும்வரை சாலையைக் கடக்க மாட்டேன் என்று நடுச்சாலையில் நின்று இரண்டு பஸ்களை நிறுத்தி வைத்ததும் உண்டு.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் நடந்தே வரும் மலர்க்கொடியையும் அவர் விடவில்லை. பின்னாலேயே போய் எண்ணிப் பார்த்தார்.

"நூத்தி முப்பது போறம்மா. ஒரு பாட்டு மட்டும் காதுல இருந்தா நூத்தி நாப்பது போவ."

"மீனு கெட்டுப்போவுமேன்னு போறேங்க. அதுக்குப் பாட்டு வேற வேணுமா?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் காதில் அப்போது மெதுவான பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவரால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டபோது போனைப் பால் பாக்கெட் உறையில் சுற்றிக்கொண்டு ஓடினார். மூன்று நாள் விடாமல் கொட்டியபோது கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடினார். மேசையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அந்தோணிமேரிக்குத் தலை சுற்றியது. ஒருநாள் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. மரியமுத்து அங்கேயே நின்றார், காலைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்.

"நடக்கத்தானே போனீங்க?" என்றார் அந்தோணிமேரி.

"பாட்டு இல்லாம எப்புடி நடக்குறது?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஆட்டோவுக்குக் காசு எடுக்க உள்ளே போனார்.

டிசம்பர் மூன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சப்பரம் தயார். மரியமுத்து வெள்ளைச் சட்டை, வேட்டி, தலையில் சிவப்புத் துண்டு. பத்துக் கிலோ இறங்கியிருந்தார், அல்லது தும்மலைப் பொறுத்து இருபது. துண்டுக்குள் காது, காதுக்குள் வயர், வயரின் மறுமுனை வேட்டி மடிப்பில் செருகிய போன். சப்பரத்துக்கு அடி எழுபதுதான் என்று கணக்குப் பார்த்து, அந்த வேகத்துக்கு உரிய நவநாள் பாட்டுகளை அல்லா பிச்சையைக் கொண்டு தனியாக ஏற்றியும் வைத்திருந்தார். பங்குச் சாமியார் செபம் சொல்லி முடித்தார். பேண்டு மாஸ்டர் மருதையன் குச்சியை உயர்த்திக்கொண்டு அவர் காலைப் பார்த்தார். கொம்பு தோளில் ஏறியது.

நாற்பது நாள் ஓடினாரே, அதில் ஒருநாளாவது தோளில் ஏதாவது வைத்துக்கொண்டு ஓடினாரா? இல்லை. பாரம் ஏறினால் மனிதன் நீளமாக அடி வைப்பதில்லை, குட்டி குட்டியாக, அவசர அவசரமாக வைக்கிறான். எழுபது அடி வைக்க வேண்டிய இடத்தில் நூறு வைத்தார். போனுக்குச் சவேரியாரைத் தெரியுமா, சப்பரத்தைத் தெரியுமா? அய்யா இன்று உற்சாகமாக இருக்கிறார் என்று அது நவநாள் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு கல்யாணப் பாட்டை எடுத்துப் போட்டது. பாட்டு சொன்னால் மீறுவாரா மரியமுத்து? நூற்றுப் பத்து வைத்தார். அது நூற்றிருபதுக்குப் போயிற்று. இவர் நூற்று முப்பதுக்குப் போனார். அடுத்து வந்தது குத்துப்பாட்டு.

முதல் தெருவைச் சப்பரம் எங்கும் நிற்காமல் நடந்து கடந்தது. இரண்டாம் தெருவை வேகமாக நடந்து கடந்தது. மூன்றாம் தெருவில் சவேரியார் ஓடினார். மற்ற ஏழு பேரும் என்ன செய்வார்கள்? முன்தோள் வைப்பதுதான் அடி. பேண்டு செட்டும் ஓடிக்கொண்டே வாசித்தது, பெரிய டிரம்காரர் மட்டும் கிணத்து முனையோடு நின்றுவிட்டார். மாலையும் மெழுகுவர்த்தியுமாக வாசலில் காத்திருந்த பெண்கள் தலையை நிமிர்த்துவதற்குள் சப்பரம் அடுத்த வீட்டைத் தாண்டிவிட்டது. மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். சாமியார் அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரத்தில் சுற்ற வேண்டிய தெருக்களில் நான்கு, இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டன.

"அண்ணே, நிறுத்துங்க. அண்ணே, சவேரியாரு" என்று யேசுராஜ் கூவிக்கொண்டே வந்தார். சவேரியார் வருஷத்துக்கு ஒருநாள் வெளியே வருகிறவர், அவசரம் எதுவும் இல்லாதவர். பூவெல்லாம் உதிர, ஆடிக்கொண்டே வந்தார்.

ஐந்தாம் தெரு மரியமுத்துவின் சொந்தத் தெரு. அவர் வீட்டு வாசலில் சப்பரம் ஒரு நிமிஷம் நிற்பது பதினோரு வருஷத்து வழக்கம். அந்தோணிமேரி தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு நின்றார். மரியமுத்து கண்ணை மூடிக்கொண்டு தன் வீட்டையே தாண்டி ஓடினார்.

அந்தோணிமேரி தட்டைக் கீழே வைத்தார். புடவையைச் சொருகிக்கொண்டு ஓடினார். முன்னால் போய், துண்டுக்குள் கையை விட்டு வயரைப் பிடுங்கினார்.

சப்பரம் நின்றது. பேண்டு நின்றது. தெருவே மூச்சு வாங்கியது. நின்ற மரியமுத்துவுக்கு அடுத்த அடி வரவில்லை. காலைப் பார்த்தார், கால் அவரைப் பார்த்தது. தோளில் பாரம் அழுத்த, கொம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. உட்கார்ந்துவிட்டால் குடைதான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

"மேரி, கால் வர மாட்டேங்குது," என்றார் மெதுவாக.

"வரும். என் காலப் பாருங்க."

அந்தோணிமேரி சப்பரத்துக்கு முன்னால் நடந்தார். கடைத்தெருவுக்குப் போகிற நடை, கோயிலுக்குப் போகிற நடை, இருபத்திரண்டு வருஷமாக அவர் முன்னால் போக மரியமுத்து பின்னால் போன அதே நடை. வலது, இடது. மரியமுத்துவின் கால் எழும்பியது. மருதையன் அந்தக் காலைப் பார்த்துக் குச்சியை அசைத்தார்.

கதை அங்கேயே முடியவில்லை. மாலை போட முடியாத நான்கு தெருக்காரர்களும் யேசுராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க தெருவுல சவேரியார் நிக்கவே இல்லயே, இது என்ன ஞாயம்?" என்றார்கள். ஞாயம்தானே? சப்பரத்தைத் திருப்பி மறுபடி முதல் தெருவிலிருந்து சுற்றினார்கள். மனைவியின் காலைப் பார்த்தபடியே மரியமுத்து ஐந்து தெருவும் இரண்டாம் முறை நடந்தார். எங்கேயும் உட்காரவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் யேசுராஜ் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "பாதியில உக்காரக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தோம். அண்ணன் உக்காரல. ரெண்டு தடவை சுத்தியிருக்காரு. முன்தோள் அவருக்குத்தான். ஆனா அடுத்த வருஷம் சப்பரம் தூக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் காதக் காட்டணும்."

வீட்டுக்கு வந்த மரியமுத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். போன் மறுபடி அலாரம் வைக்கப் போயிற்று.

அத்தோடு இந்த வகை அழிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் வயரும் காதுமாக ஓடிக்கொண்டிருந்தவர் யேசுராஜ். அவருக்குப் பின்னால் பேண்டு மாஸ்டர் மருதையன். அல்லா பிச்சை கடையில் மெமரி கார்டு தீர்ந்துவிட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. படிக்கும்போது உங்கள் வலது கால் லேசாக ஆடிக்கொண்டிருந்ததே, அது யார் போட்ட தாளம்? காதைத் தொட்டுப் பாருங்கள். வயர் இருந்தால் பிடுங்கிவிடலாம். இல்லையென்றால்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.