வெள்ளைத்தாடியை வீழ்த்தியவர்

பல் டாக்டரம்மா மறுபடியும் மல்லாந்து விழுந்தார். திரையில்தான்.

"பரவாயில்லம்மா, போகப் போகப் பழகிடும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். அந்தப் 'பரவாயில்ல'தான் சுருக்கென்று தைத்தது.

சும்மாவா? வெள்ளைத்தாடிக் கிழவனை வீழ்த்தியவர் அல்லவா அவர்! சின்ன வயதில், வெளியூரில் வேலை பார்த்த அப்பா சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவார். அம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணனும் அவரும் காத்திருப்பு அறையின் மூலையில் இருந்த குங்ஃபூ வீடியோ கேம் பெட்டியே கதி என்று கிடப்பார்கள். யார் யாரோ தொட்டுப் பிசுபிசுத்த சிவப்புப் பொத்தான்கள். ரயில் நெருங்கினால் காலடியில் தரை அதிரும். அப்படி ஒரு சாயங்காலம், அந்தப் பெட்டியின் திரையில் வந்த வெள்ளைத்தாடிக் கிழவனை ஒரே உதையில் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார். அண்ணன் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா இறங்கிய ரயில் பெட்டிவரைக்கும் ஓடினான்.

பிறகு பரீட்சை என்றாலும் பாம்பு என்றாலும் அண்ணன் அதைத்தான் நினைவுபடுத்துவான். முதன்முதலாக ஒருவருக்குப் பல் பிடுங்கத் தயங்கிய அன்றும், போனில், "வெள்ளைத்தாடியவே சாய்ச்சவ நீ. இது வெறும் பல்லு" என்றான். பல் ஒரே இழுப்பில் வந்தது.

அப்பேர்ப்பட்டவர் இன்று மகளின் புது விளையாட்டில் அடிமேல் அடி வாங்கினார்.

உட்கார்ந்து ஆடுவதால்தான் வரவில்லை என்று எழுந்து நின்றார். உதைக்கும் பொத்தானை அமுக்கியபோது சொந்தக் காலும் கூடவே பறந்தது. கணவர் கையிலிருந்த தேநீர் அவர் மடிக்கு இடம் மாறியது.

கண்தான் சரியில்லை என்று, வீட்டின் முன்னறையில் இருந்த கிளினிக்கிலிருந்து பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். எதிரியின் மூக்குத் துவாரம் தெளிவாகத் தெரிந்தது. அவன் கால் எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

நடுவே சண்டை சினிமாவாகவே மாறியது. மூங்கில் காட்டில் மழை. நாயகி இலை நுனியில் கால்வைத்து மிதந்தாள். டாக்டரம்மா கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு மெய்மறந்து ரசித்தார். திடீரென்று ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னது திரை. கன்ட்ரோலரைத் தேடி எடுப்பதற்குள் நாயகி அருவியோடு போய்விட்டாள்.

வெறி தலைக்கேறியது. கிளினிக் திறந்திருப்பதே மறந்துபோனது. "விடாதே, எல்லாப் பல்லையும் உடை" என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்க, முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வலி சுத்தமாகப் போய்விட்டதாக நர்ஸிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வேட்டியை மாற்றிக்கொண்டு வந்த கணவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கிழவனை நிஜமாவே ஜெயிச்சியா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. உடனே அண்ணனுக்குப் போன் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். வழுக்கை விழுந்த அண்ணன், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் நடுக்கூடத்தில் நின்றார். பாலத்தைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார், அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்ததைச் சொன்னார்.

"நான் பக்கத்துலயே நின்னேன். ஒரே உதை."

தங்கைக்குக் கண் நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தார். அண்ணன் பழையபடி தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "குனி... இப்ப அடி" என்றார். குனிந்தார், அடித்தார். எதிரி கூரையிலிருந்து உருண்டு குளத்தில் விழுந்தான். மகள் வாயைப் பிளந்தாள். கணவர் கை தட்டினார்.

சோபாவில் இருந்த அண்ணி நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடி, இப்பதான் நீ நிஜமா ஜெயிச்சிருக்கே. ஸ்டேஷன்ல காசு போடாத பெட்டி தானா ஆடிக் காட்டினதை, நீ ஆடறதா நினைச்சுக் குதிச்சியாமே; உன் முகம் வாடிடுமேன்னு உங்கண்ணன் இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடலை."